ஒன்லுக் தலைகீழ் அகராதி: பொருளைக் கொடுத்தால் சொல் வருமா?

சொல் தெரிந்து பொருள் தெரியாவிட்டால் எந்த அகராதியும் போதும். பொருள் தெரிந்து சொல் தெரியாவிட்டால் அகரவரிசை அகராதிகள் எல்லாமே கையை விரித்துவிடும். அற்ப விவரங்களுக்கு அளவுமீறி முக்கியத்துவம் கொடுத்துக் குடைவதற்கு ஆங்கிலத்தில் ஓர் அரிய சொல் உண்டு என்று மட்டும் நினைவிருக்கிறது. அதை எந்த எழுத்தில் போய்த் தேடுவது? இந்தத் தேவைக்காகவே இருப்பது ஒன்லுக் தளத்தின் ரிவர்ஸ் டிக்‌ஷனரி. தளம் 1996-இல் தொடங்கியது. பொருளிலிருந்து சொல்லுக்குப் போகும் வசதி 2003 முதல் இருக்கிறது. ஓசையொத்த சொற்களைத் தேடித்தரும் ரைம்ஜோன் தளத்தை நடத்தும் டேட்டாம்யூஸ்தான் இதையும் நடத்துகிறது. இலவசம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சொல்லைக் கண்டுபிடிக்க இது முதல்தரமான கருவி. கண்டுபிடித்த சொல் சரியானதுதானா என்று உறுதிசெய்ய இது போதாது. இந்த இரண்டையும் ஒரே வேலையாக நினைப்பவர்கள்தான் இதை நம்பித் தவறான சொல்லை எழுதிவிடுகிறார்கள். வரும் பட்டியலின் முதல் சொல்லை அப்படியே எடுத்து ஒட்டும் பழக்கம் பிடிவாதமானது. அரிய சொற்களின் விஷயத்தில் அந்தப் பழக்கம் ஏறக்குறைய எப்போதும் காலை வாரும்.

மேலே சொன்ன பொருளுக்குரிய அரிய சொல் மைக்ராலஜி. ஆங்கிலத்தில் எம், ஐ, சி, ஆர், ஓ, எல், ஓ, ஜி, ஒய் என்று 9 எழுத்துகள், 4 அசைகள், அழுத்தம் இரண்டாம் அசையில். இதையே இங்கே சோதனைச் சொல்லாக எடுத்துக்கொள்கிறோம். இப்படிப்பட்ட ஒரு தளத்தின் பலமும் பலவீனமும் இதில் நன்றாக வெளிப்படும். அன்றாட ஆங்கிலத்தில் இது புழங்குவதில்லை. இதற்கு இரண்டு பொருள்கள் உண்டு: ஒன்று சில்லறை விவரங்களில் மூழ்குவது, மற்றது நுண்ணோக்கியில் பார்க்கும் பொருள்களைப் பற்றிய ஆய்வு. போதாததற்கு, எழுத்தில் இதைப் போலவே தோற்றமளிக்கும் சொற்கள் சுற்றிலும் நிற்கின்றன.

தேடல் பெட்டியில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஸ்பானிஷும் உண்டு, தமிழில் எழுதினால் பயனில்லை. பெரும்பாலோர் ஒரு முழு வாக்கியத்தையே போடுகிறார்கள்: 'சின்னச் சின்ன விஷயங்களைப் பற்றி எப்போதும் கவலைப்படுகிறவரை எப்படி அழைப்பது' என்ற மாதிரி. இதில் 'எப்போதும்', 'எப்படி', 'அழைப்பது' எல்லாம் வெறும் சுமை. பொருளைத் தாங்கும் 2 முதல் 5 சொற்கள் போதும். தேடுவது பெயர்ச்சொல் என்றால் தொடரையும் பெயர்ச்சொல் தொடராகவே எழுத வேண்டும். 'அட்டென்ஷன் டு ட்ரிவியல் டீட்டெயில்ஸ்' என்பது நல்ல தொடக்கம். 'ஒருவர் அற்ப விஷயங்களில் கவனம் செலுத்துவார்' என்று ஆளை வைத்து எழுதினால் ஆளைக் குறிக்கும் சொற்கள்தான் மேலே வரும். ஆளைக் குறிக்கும் பெடன்ட் வரும், குணத்தைக் குறிக்கும் பெடன்ட்ரி கீழே போகும். எதிர்மறையும் கூடாது. 'முக்கியமில்லாதவை' என்று எழுத நினைத்து 'நாட் இம்பார்ட்டன்ட்' என்று இட்டால் 'நாட்' கரைந்துபோய் 'முக்கியம்' சார்ந்த சொற்கள் வந்து குவியும். 'அற்பமான' என்று பொருள்தரும் ஒரே சொல்லான 'ட்ரிவியல்' அல்லது 'பெட்டி' என்ற ஆங்கிலச் சொல்லையே பயன்படுத்துங்கள்.

இந்த 'பெட்டி' விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அரிய சொற்களுக்கான வரையறைகள் பெரும்பாலும் பழைய அகராதிகளிலிருந்து வந்தவை. நூறு வருடங்களுக்கு முன் எழுதிய அகராதிக்காரர்கள் நம் பேச்சு ஆங்கிலத்தில் எழுதவில்லை. மைக்ராலஜிக்கு மெரியம்-வெப்ஸ்டர் மரபில் உள்ள வரையறை 'அட்டென்ஷன் டு பெட்டி ஐட்டம்ஸ் ஆர் டிஃபரன்சஸ்' என்பது. இதில் 'ட்ரிவியல்' இல்லை, 'டீட்டெயில்' இல்லை, 'எக்ஸஸிவ்' என்பதும் இல்லை. நாம் இன்றைய ஆங்கிலத்தில் கேட்கிறோம், பதில் அன்றைய ஆங்கிலத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஒன்லுக் வரையறைகளோடு வேர்ட்நெட் போன்ற பொருட்தொடர்புத் தரவுகளையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது. அதனால் சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டாலும் ஓரளவு பிடித்துவிடும். ஆனால் அந்தத் தொடர்புத் தரவுகள் அடிக்கடி புழங்கும் சொற்களுக்குத்தான் வளமாக இருக்கும். வேர்ட்நெட் 3.0-இல் மொத்தம் 1,55,287 சொற்களே உள்ளன. அரிய சொற்கள் பல அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றைப் பிடிக்க வரையறையின் வாசகம்தான் ஒரே கொக்கி.

எனவே ஒரு தொடரோடு நிறுத்தக் கூடாது. அகராதிக்காரர்கள் விரும்பும் சொற்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும். 'ட்ரிவியல்' இருக்கும் இடத்தில் 'பெட்டி', 'ட்ரைஃப்ளிங்', 'மைன்யூட்'. 'டீட்டெயில்ஸ்' இருக்கும் இடத்தில் 'ட்ரைஃபிள்ஸ்', 'நைசிட்டீஸ்', 'டிஸ்டிங்க்‌ஷன்ஸ்', 'மினூஷியே'. 'எக்ஸஸிவ்' இருக்கும் இடத்தில் 'அன்ட்யூ'. இவற்றை நான்கைந்து விதமாகக் கோத்துத் தேடி, ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் அறியாத சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்த சொற்களைக் கண்டுகொள்ளாமல் தாண்டுங்கள். தேடுவது அரிய சொல் என்றால் உங்களுக்குத் தெரியாத சொல்லாகத்தான் இருக்கும்.

சொல்லின் ஒரு துணுக்கு நினைவிருந்தால் வேலை பெருமளவு சுலபமாகும். ஒன்லுக்கின் ஒரு வசதியை மட்டும்தான் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால், அது வடிவத்தையும் பொருளையும் ஒரே வரியில் சேர்த்துத் தேடும் வசதியாக இருக்கட்டும். முதலில் வடிவம், பிறகு முக்காற்புள்ளி, பிறகு பொருள். நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும் பதிலாக நிற்கும், கேள்விக்குறி சரியாக ஓர் எழுத்துக்கு. எம், ஐ என்று தொடங்கும் என்று நினைவிருந்தால் அந்த இரண்டு எழுத்து, உடனே நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி, பிறகு 'ட்ரிவியல் டீட்டெயில்ஸ்'. முடிவு மட்டும் நினைவிருந்தால் நட்சத்திரக் குறியை முன்னால் வைத்து எல், ஓ, ஜி, ஒய், முக்காற்புள்ளி, பொருள். 9 எழுத்து என்பது உறுதியாக இருந்தால் ஒன்பது கேள்விக்குறிகள். குறுக்கெழுத்துக்காரர்களுக்கு இந்தக் கடைசி வகை பழக்கமானதுதான்.

துணுக்கு எதுவும் நினைவில்லாவிட்டாலும் இதே உத்தியை ஊகமாகப் பயன்படுத்தலாம். அறிவாளித்தனமாக ஒலிக்கும் அரிய ஆங்கிலச் சொற்கள் கிரேக்க, லத்தீன் வால்களோடுதான் வரும். '-லஜி', '-இஸம்', '-மேனியா', '-இட்டி' என ஒவ்வொன்றாக வாலை மாட்டித் தேடினால், பொதுத் தேடலில் எங்கோ அடியில் கிடந்த சொல் மேலே வந்து நிற்கும். பட்டியல் சுருங்குவதால், அரிய சொற்களைக் கீழே தள்ளிவிடும் தரவரிசையின் குறை அவ்வளவாக உறுத்தாது.

முடிவுகளின் பக்கத்தில் வடிகட்டிகள் இருக்கின்றன: சொல்வகை, எழுத்தெண்ணிக்கை, அசையெண்ணிக்கை, தொடக்க எழுத்து, ஓசையொப்பு எனப் பல. இவற்றில் சொல்வகை மட்டும் எப்போதும் உதவும். பெயர்ச்சொல் என்று தேர்ந்தால் பட்டியலில் பாதி உதிர்ந்துவிடும். மற்றவை கவிதை எழுதுபவர்களுக்கு.

பட்டியலில் வரும் அண்டைச் சொற்களை ஒதுக்கிவிட வேண்டாம். பல சமயம் தேடுபவருக்கு உண்மையில் தேவைப்படுவது அவற்றில் ஒன்றாகவே இருக்கும். எல்லாவற்றையும் 'ஒரே பொருள்' என்று ஒன்லுக் வரிசையாக அடுக்கிக் காட்டுகிறது. அவற்றின் வேறுபாட்டை அது விளக்குவதில்லை. இந்தத் தளத்தின் பெரிய குறையாக இதைத்தான் சொல்ல வேண்டும்.

பெடன்ட்ரி என்றால் விதியையும் நூலறிவையும் பிடித்துக்கொண்டு தொங்குவது. அதில் தன் படிப்பைக் காட்டிக்கொள்ளும் நோக்கம் கலந்திருக்கும். நிட்பிக்கிங் இன்னொருவர் வேலையில் சில்லறைக் குற்றம் கண்டுபிடிப்பது. பேனின் முட்டையைப் பொறுக்குவதிலிருந்து வந்தது, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க வழக்காகப் பரவியது, எனவே 18-ஆம் நூற்றாண்டுப் பாத்திரத்தின் வாயில் வைக்கக் கூடாது. ஹேர்ஸ்ப்ளிட்டிங் வாதத்துக்குரியது: இல்லாத வேறுபாட்டைப் பிளந்து காட்டுவது. பெட்டிஃபாகிங் வழக்காடு மன்றத்துச் சொல். அதில் சில்லறைத்தனத்தோடு கொஞ்சம் சூழ்ச்சியும் உண்டு. பங்க்டிலியோ என்பது மரியாதை, சடங்கு, நடைமுறை சார்ந்த நுணுக்கம். அதைப் பாராட்டாகவும் சொல்லலாம். பெர்னிக்கெட்டி ஸ்காட்லாந்தில் பிறந்தது, அமெரிக்காவில் ஓர் 'எஸ்' சேர்ந்து பெர்ஸ்னிக்கெட்டி ஆனது. இரண்டும் பேச்சு வழக்கு, ஆய்வுக் கட்டுரைக்கு ஒவ்வாது.

மென்பொருள் துறையினர் தேடுவது பெரும்பாலும் பைக்‌ஷெட்டிங்தான். பெரிய முடிவுகளை விவாதமின்றி ஒப்புக்கொண்டு, சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம் பூசுவது என்று மணிக்கணக்கில் பேசும் கூட்டத்தின் நோய் அது. பிரிட்டிஷ் எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் அணு உலையையும் சைக்கிள் கொட்டகையையும் ஒப்பிட்டு இதை விளக்கினார். 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தின் பால்-ஹென்னிங் காம்ப் எழுதிய ஒரு மடலுக்குப் பிறகு நிரலாளர் வழக்கில் இது நிலைத்துவிட்டது. தனிமனிதரின் குணத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. குழு ஒன்று நேரத்தை வீணடிக்கும் விதத்துக்குத்தான் பொருந்தும்.

இன்னொரு வழக்கமான சறுக்கல் ஃப்ளாக்சிநாசினிஹிலிபிலிஃபிகேஷன். 29 எழுத்துகள் கொண்ட இந்தச் சொல்லின் நீளத்தைப் பார்த்தே 'அற்ப விஷயம் தொடர்பான அரிய சொல் இதுதான்' என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். இதன் பொருள் ஒன்றை மதிப்பற்றது என்று கணிப்பது. மைக்ராலஜிக்கு நேர் எதிர்த்திசை: ஒன்று அற்பத்தை உயர்த்துகிறது, மற்றது எதையும் அற்பமாக்குகிறது. பொருளிலிருந்து தேடும் கருவிகள் எல்லாமே எதிர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும். இரண்டும் ஒரே சூழலில் புழங்குவதுதான் காரணம். இந்தப் பிழையை இயந்திரம் திருத்தாது, வரையறையைத் திறந்து படிக்கத்தான் வேண்டும்.

எழுத்துருவில் ஏமாற்றுபவை வேறு. மேக்ராலஜி, மைக்ராலஜியிலிருந்து ஓரெழுத்துதான் வேறு. அதன் பொருள் சலிப்பூட்டும் நீட்டிப் பேச்சு. மைக்காலஜி காளானியல், மெட்ராலஜி அளவையியல், நெக்ராலஜி இறந்தோர் பட்டியல். எழுத்துப்பிழை திருத்திகள் நாம் எழுதிய சரியான சொல்லை இவற்றில் ஒன்றாகவோ மைக்ரோபயாலஜியாகவோ மாற்றிவிட வாய்ப்புண்டு. பொதுத் தேடுபொறியில் தேடும்போது சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் இட்டு, எழுதியபடியே தேடும் 'வெர்பாட்டிம்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதும் ஆய்வகப் பொருள்கள் வந்து மொய்க்கும். இத்தாலியின் கீதோ தாரெட்ஸோ 1026 வாக்கில் எழுதிய 'மைக்ரோலோகஸ்' என்ற இசை நூலும் வரும். 'பெட்டி' அல்லது 'பெடன்ட்ரி' என்ற சொல்லையும் கூடச் சேர்த்தால் இவை ஒதுங்கும்.

இனி உறுதிசெய்யும் கட்டம். ஒன்லுக்கிலேயே ஒரு நல்ல முதற்படி இருக்கிறது. சாதாரண அகராதித் தேடலில் சொல்லை இட்டால், அது எந்தெந்த அகராதிகளில் உள்ளது என்று பட்டியலிடும். 1,000-க்கும் மேற்பட்ட அகராதிகளும் சொற்பட்டியல்களும் அதன் அட்டவணையில் உள்ளன. எண்ணிக்கையைப் பார்க்காமல் பெயர்களைப் பார்க்க வேண்டும். பொது அகராதிகள் நான்கைந்தில் இருந்தால் நம்பலாம். 'அபூர்வச் சொற்கள்', 'வேடிக்கைச் சொற்கள்' போன்ற பட்டியல்களில் மட்டும் இருந்தால் எச்சரிக்கை. அந்தப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுப்பவை. ஒரு வரி விளக்கம் இருக்கும், யார் எப்போது பயன்படுத்தினார் என்பது இருக்காது.

அடுத்து விக்ஷனரி. அதன் ஆங்கிலப் பதிவுகளுக்கு ஒரு கறாரான விதி உண்டு: ஓராண்டுக்கும் மேற்பட்ட கால இடைவெளியில், தனித்தனி எழுத்தாளர்கள் பொருளுணர்த்தும்படி பயன்படுத்திய குறைந்தது 3 சான்றுகள் வேண்டும். 'இப்படி ஒரு சொல் இருக்கிறது' என்று குறிப்பிடுவது சான்றாகாது. அரிய சொற்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு உயிர்நாடி. பல சொற்கள் ஆயிரம் தளங்களில் பேசப்படும், ஒரு வாக்கியத்தில்கூட இயல்பாகப் பயன்பட்டிருக்காது. பதிவில் உள்ள குறிச்சொற்களையும் பார்க்க வேண்டும். 'ரேர்' என்றால் எந்தக் காலத்திலும் குறைவாகவே புழங்கியது. 'அப்சலீட்' என்றால் வழக்கொழிந்தது. 'ஆர்க்கேயிக்' என்றால் பொதுவழக்கில் இல்லை, ஆனால் பழமைச் சாயலுக்காக இன்றும் எழுதப்படுகிறது. இம்மூன்றையும் 'பழைய சொல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது.

வேர்ட்னிக் தளத்தில் செஞ்சுரி டிக்‌ஷனரியின் வரையறைகள் முழுதாகக் கிடைக்கும். 1889 முதல் 1891 வரை முதலில் வெளிவந்த அந்த அகராதியின் விளக்கங்கள் பொறுமையானவை, நீளமானவை. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சொல்லைப் படித்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று அறிய இதைவிட நல்ல இலவச வழி இல்லை. அகராதித் தேடலில் நேரமிருப்பவர்கள் ஒன்லுக்குக்கு அடுத்தபடியாகத் திறக்க வேண்டிய சாளரம் இது.

கடைசி நீதிமன்றம் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிதான். முதல் பகுதி 1884-இல் வந்தது, முதற்பதிப்பு 1928-இல் நிறைவடைந்தது, 20 தொகுதிகளான இரண்டாம் பதிப்பு 1989-இல். 2000 முதல் இணையத்தில் திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது. முழுப் பதிவுக்குச் சந்தா வேண்டும். பல நூலகங்கள் உறுப்பினர் அட்டை எண்ணைக் கொண்டே உள்ளே விடுகின்றன. சந்தா இல்லாதவர்களுக்கும் சொல்லின் சுருக்கக் குறிப்புப் பக்கம் தெரியும். முதல் சான்றின் காலம், சொற்பிறப்பு, எத்தனை பொருள்கள் ஆகியவை அதில் இருக்கும். சந்தேகம் தீர்க்க அதுவே பல நேரம் போதும்.

இந்த அகராதியில் இரண்டு குறியீடுகளைப் படிக்கத் தெரிய வேண்டும். முதலாவது, அச்சுப் பதிப்புகளில் 'ரேர்' என்பதன் தோளில் நிற்கும் சின்ன எண். கழித்தல் 1 என்றால் ஒரே ஒரு மேற்கோள்தான் கிடைத்தது. கழித்தல் 0 என்றால் வாக்கியத்தில் பயன்பட்டதற்குச் சான்றே இல்லை, வேறு அகராதியிலிருந்து எடுத்தது மட்டுமே. 1604-இல் ராபர்ட் காட்ரே, 1656-இல் தாமஸ் ப்ளவுன்ட் என 'கடினச் சொல்' அகராதிகள் வந்த காலத்தில் லத்தீன் கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கில வால் ஒட்டிப் பட்டியலில் சேர்ப்பது சகஜம். அதனால் முதல் சான்று 17-ஆம் நூற்றாண்டு என்று போட்டிருந்தாலும் அது அகராதியா, நூலா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, வழக்கு அளவுப் பட்டை. 1 முதல் 8 வரை. 8-ஆம் பட்டை 10 லட்சம் சொற்களில் 1,000 முறைக்கு மேல் வருபவை. ஒவ்வொரு பட்டை இறங்கும்போதும் அளவு ஏறக்குறைய பத்திலொன்றாகும். 4-ஆம் பட்டையில் உள்ளது 10 லட்சத்துக்கு ஒரு முறைகூட வராத சொல். 3 அல்லது அதற்கும் கீழே உள்ள சொல்லை விளக்கமின்றி எழுதினால், நன்கு படித்த வாசகரும் நின்றுவிடுவார்.

பெரிய அகராதியிலும் பேய்ச்சொல், அதாவது உண்மையில் இல்லாத சொல், நுழையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1934-இன் வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பில் 'டார்ட்' என்று ஒரு சொல், 'அடர்த்தி' என்ற பொருளோடு அச்சாகியிருந்தது. அடர்த்தியைக் குறிக்கப் பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' என்ற பொருளில் 'டி ஆர் டி' என்று சுருக்கக்குறிச் சீட்டில் எழுதியதை ஒரே சொல்லாக வாசித்ததால் வந்த வினை. 1939-இல்தான் கண்டுபிடித்தார்கள். நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் டிக்‌ஷனரியின் 2001 பதிப்பில் 'எஸ்க்விவேலியன்ஸ்' என்ற சொல், நகலெடுப்பவர்களைப் பிடிக்க வேண்டுமென்றே வைத்த பொறி. ஆகவே அரிய சொல்லுக்கு ஓர் அகராதி மட்டும் போதாது. ஒன்றையொன்று சாராத இரண்டு வேண்டும்.

சொல் உண்மையில் புழங்குகிறதா என்று பார்க்க, எந்த ஆண்டு நூல்களில் அது எவ்வளவு வருகிறது என்று கோடாக வரைந்து காட்டும் கூகுள் புக்ஸ் என்கிராம் வ்யூவர் உதவும், சில விஷயங்களைக் கவனித்தால். மைக்ராலஜியையும் பெடன்ட்ரியையும் காற்புள்ளியிட்டு ஒன்றாகத் தேடினால், அரிய சொல்லின் கோடு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஒன்றும் தெரியாது. அரிய சொல்லை அடைப்புக்குறிக்குள் இட்டு, நட்சத்திரக் குறியும் 1000 என்ற எண்ணும் சேர்த்து எழுதினால் கோடு ஆயிரம் மடங்கு உயர்ந்து தெரியும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் நட்சத்திரக் குறியை அது 'எந்தச் சொல்லும்' என்று எடுத்துக்கொள்ளும். முன்பின் ஆண்டுகளோடு சராசரி எடுக்கும் ஸ்மூத்திங் இயல்பாக 3 என்று இருக்கும், அதை 0 ஆக்குங்கள். இல்லையென்றால் ஒரே ஆண்டில் வந்த ஒரு நூல் ஏழாண்டு வழக்காகத் தோன்றும். 40-க்குக் குறைவான நூல்களில் வந்த சொல் அங்கே காட்டப்படாது. 'கிடைக்கவில்லை' என்பது 'இல்லை' என்பதாகாது. 1800-க்கு முந்தைய நூல்களில் நீண்ட 'எஸ்' எழுத்தை இயந்திரம் 'எஃப்' என்று படித்துவிடும், ஃபாஸ்டிடியஸ் அங்கே ஃபாஃப்டிடியஸாகக் கிடக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், கோட்டை மட்டும் பார்த்துவிட்டு நகராமல் கீழேயுள்ள ஆண்டு இணைப்பைச் சொடுக்கி நூல்களின் வரிகளைப் படிப்பது. மைக்ராலஜியின் இரு பொருள்களையும் கோடு பிரித்துக் காட்டாது.

வரிகளைப் படித்தால்தான் தெரியும் விஷயங்கள் உண்டு. கிரேக்க மூலமான மிக்ரோலோகியா, பண்டைக் கிரேக்க மெய்யியலாளர் தியோஃப்ராஸ்டஸின் குணச்சித்திரங்களில் கஞ்சத்தனத்தைக் குறிக்கிறது. மனைவி தவறவிட்ட சில்லறைக் காசுக்காக வீட்டுச் சாமான்களை எல்லாம் நகர்த்தித் தேடுபவன் அங்கே வருகிறான். சொற்பிறப்பை வைத்துப் பொருளை ஊகித்தால் ஆங்கிலச் சொல்லுக்கும் கஞ்சத்தனம் ஏறிவிடும், அது தவறு. மறுபுறம், 1966-இல் வந்த 'நெகட்டிவ் டயலெக்டிக்ஸ்' நூலின் முடிவில் ஜெர்மன் மெய்யியலாளர் அடோர்னோ இச்சொல்லை ஏளனமின்றி, சின்னஞ்சிறியவற்றைக் கூர்ந்து நோக்கும் சிந்தனை முறையாக எடுத்தாள்கிறார். மெய்யியல் கட்டுரையில் மைக்ராலஜி வந்தால் திட்டு என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

மாற்று வழிகள் என்று பார்த்தால், ஒன்லுக்குக்கு நிகரான போட்டியாளர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹிஸ்டாரிக்கல் தெசாரஸ். 1965-இல் தொடங்கிய பணி, 2009-இல் நூலானது. ஏறக்குறைய 8 லட்சம் பொருள்கள். இணையத்தில் இலவசம். இதில் தொடராகக் கேட்க முடியாது. தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்து, எடுத்துக்காட்டாக பெடன்ட்ரியை, அது இருக்கும் கிளைக்குப் போய் அண்டைச் சொற்களை அவை வழங்கிய ஆண்டுகளோடு பார்க்க வேண்டும். மெதுவான வழி, ஆனால் ஒன்லுக்கில் இல்லாத காலக்கணக்கு இதில் உண்டு. வரலாற்று நாவல் எழுதுபவர்கள் இங்கேயே தொடங்கலாம். உரையாடல் வடிவச் செயற்கை நுண்ணறிவு, முழு வாக்கியத்தையும் எதிர்மறையையும் நன்றாகப் புரிந்துகொள்ளும், பெடன்ட்ரிக்கும் மைக்ராலஜிக்கும் வேறுபாடும் சொல்லும். ஆனால் சொல் இல்லாத இடத்தில் கிரேக்க வேர்களை ஒட்டி ஒன்றைச் செய்து கொடுக்கவும் தயங்காது. கேட்டால் மேற்கோளும் செய்து கொடுக்கும். அங்கே கிடைத்த சொல்லை மேலே சொன்ன படிகளில் கட்டாயம் ஏற்றி இறக்க வேண்டும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒன்லுக்கின் அடித்தளமான டேட்டாம்யூஸ் ஏபிஐ நேரடியாகவே திறந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 1,00,000 கோரிக்கைகள் வரை சாவி தேவையில்லை. 'எம்எல்' என்ற அளபுருவில் (பாராமீட்டர்) பொருள், 'எஸ்பி' என்பதில் எழுத்து வடிவம். இயல்பாக 100 முடிவுகள் வரும், 'மேக்ஸ்' கொடுத்து 1,000 வரை கேட்கலாம். 'எம்டி' அளபுருவில் 'டி' கேட்டால் வரையறையும், 'எஃப்' கேட்டால் 10 லட்சம் சொற்களுக்கு எத்தனை முறை என்ற வழக்கு அளவும் கூடவே வரும். 1,000 முடிவுகளை வாங்கி, வழக்கு அளவு குறைந்ததிலிருந்து அடுக்கிவிட்டால், தளத்தில் கீழே புதைந்து கிடக்கும் அரிய சொற்கள் எல்லாம் தலைப்பில் வந்து நிற்கும். தளத்தின் தரவரிசைக் குறைக்கு இதுதான் சரியான மருந்து. பூஜ்யம் என்று வரும் சொற்களில் பல எழுத்துப்பிழைகளாகவும் இருக்கும், வரையறை இல்லாதவற்றை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

குறுக்கெழுத்துக்கும் கவிதைக்கும் ஒன்லுக் ஒன்றே போதும். கட்டுரையாளர்கள் அண்டைச் சொல் பட்டியலுக்காகவே இதைப் பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்பாளர்கள் பட்டியலோடு எழுந்துவிடாமல் வேர்ட்னிக்கையும் ஆக்ஸ்ஃபோர்டையும் அடுத்தடுத்த சாளரங்களில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் கற்கும் தொடக்கநிலை மாணவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். வேறுபாடு சொல்லாத பட்டியலிலிருந்து அவர்கள் தேர்ந்தெடுக்கும் சொல் பெரும்பாலும் மிகக் கனமானதாகவே இருக்கும்.